மீன் விற்கும் மருமகள்

"பிளாஸ்டிக் சர்ஜரியா?"

மருமகளின் பையில் இருந்த ஆஸ்பத்திரிச் சீட்டைத் தங்கமணி இன்னொரு தடவை படித்தாள்.

"ஆமாம் அத்தை. நாளைக்குத் தஞ்சாவூர்ல அட்மிட் ஆகணும். திரும்பி வர மூணு வாரம் ஆகும்," என்றாள் ஜெயபாரதி.

"எங்க பண்ணப் போறாங்க, மூக்குலயா?"

ஜெயபாரதி சீட்டை வாங்கி மடித்துப் பைக்குள் வைத்தாள்.

"புருஷன் குவைத் வெயில்ல வேகுறான். இங்க பத்து மா நிலம் இருக்கு. அதெல்லாம் பத்தாதுன்னு மீன் விக்கப் போன. இப்ப அழகு வேற கேக்குதா? எல்லாம் அந்த மலர்கொடி குடுக்கிற தைரியம்."

மலர்கொடி, நாகப்பட்டினத்திலிருந்து தினமும் பஸ்ஸில் கூடையோடு வருகிற மீன்காரி. ஆறு வருஷத்துக்கு முன் ஒருநாள் ஜெயபாரதியின் வாசலில் நின்று, "ஊர் முழுக்க என்னால சுத்த முடியல தங்கச்சி. மேலத்தெருவ மட்டும் நீ வித்துக் குடேன்," என்று பாதி மீனை நீட்டினாள்.

ஜெயபாரதி உடனே வாங்கிக்கொண்டாள். விவசாயக் குடும்பத்து மருமகள் மீன் விற்கிறாள் என்று திருவாரூர் வரைக்கும் சொந்தக்காரர்கள் பேசினார்கள். "வீடே நாறுது," என்று தங்கமணி அவளைக் கொல்லைப்பக்கத்து அறையில் படுக்கச் சொன்னாள். ஜெயபாரதி அதற்கும் சரி என்றாள்.

சீட்டு எழுதிக் கொடுத்தது டாக்டர் ஷம்சாத். போன வாரம் அவளைப் பரிசோதித்துவிட்டுக் கேட்டார்: "எவ்வளவு நாளா இப்படி ஒழுகுது?"

"ஏழு வருஷமா டாக்டர். கஜா புயல் அன்னிக்குப் பிரசவ வலி வந்துச்சு. ரோடெல்லாம் மரம். ஆஸ்பத்திரி போய்ச் சேர ஒன்றரை நாள். பாப்பா பிழைச்சுட்டா. அதுலேருந்து எனக்கு மூத்திரம் நிக்காம சொட்டுது."

"குழந்தையோட தலை அழுத்தி அழுத்தி, மூத்திரப்பைக்கும் பிறப்புறுப்புக்கும் நடுவுல ஓட்டை விழுந்திருக்கும்மா. பக்கத்துச் சதையைத் திருப்பி வச்சு அடைச்சிடலாம், அதுவும் பிளாஸ்டிக் சர்ஜரிதான். வீட்டுல யாருக்கும் தெரியாதா?"

"அவருக்கு மட்டும் தெரியும். இதுக்கு வைத்தியமே இல்லன்னு நெனச்சிருந்தோம். மலர்கொடின்னு ஒரு அக்கா, மீன் ஆயும்போது பேச்சுவாக்குல சொன்னாங்க, அவங்க ஊர்ப் பொண்ணுக்கு நீங்க இப்பத்தான் சரி பண்ணீங்கன்னு."

"மத்தவங்ககிட்ட இத்தனை வருஷம் எப்படி மறைச்சே?"

"மீன் வித்தேன் டாக்டர். நாத்தம் வந்தா மீனுன்னு நெனச்சுக்குவாங்க."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவளையே பார்த்தார்.

ஆபரேஷன் நாலு மணி நேரம் நடந்தது. மூன்றாவது வாரம், மூத்திரப்பைக்குள் நீல மருந்தைச் செலுத்திச் சோதித்தார்கள். பிறப்புறுப்பில் வைத்திருந்த பஞ்சை டாக்டர் எடுத்துக் காட்டினார். வெள்ளையாகவே இருந்தது.

"ஒரு சொட்டு இல்ல. ஜெயிச்சுட்டோம்மா."

திருவாரூர் பஸ்ஸில் ஜெயபாரதி ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்தாள். ஏழு வருஷமாக, காலி சீட்டு இருந்தாலும் நின்றுகொண்டே போனவள். இறங்கும் இடம் வரைக்கும் அவள் எழுந்திருக்கவே இல்லை.

வீட்டுக்கு வந்து மாமியாரிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

"என்கிட்ட ஏன்டி சொல்லல?"

"நாறுதுன்னு சொன்னீங்க அத்தை. ஏன்னு ஒருநாளும் கேக்கலையே."

தங்கமணி எழுந்து கொல்லைப்பக்கம் போனாள். மருமகளின் பாயையும் தலையணையையும் தன் கையாலேயே எடுத்துவந்து கூடத்தில் போட்டாள்.

மறுநாள் காலை மலர்கொடி கூடையோடு வந்தபோது, ஜெயபாரதி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்குச் சரியாயிடுச்சு அக்கா. ஆனா உங்ககிட்ட மன்னிப்பு கேக்கணும். தொழில் மேல ஆசைப்பட்டு உங்க மீன வாங்கல. என் நாத்தத்தை மறைக்கத்தான் வாங்கினேன். பழியெல்லாம் உங்க மீன் மேல போட்டுட்டேன்."

மலர்கொடி கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தாள்.

"முப்பது வருஷமா மீன் விக்கிறேன் பாரதி. எது மீன் வாசம், எது இல்லன்னு எனக்குத் தெரியாதா? அன்னிக்கு உன் வாசல்ல நின்னப்பவே தெரிஞ்சுபோச்சு. அதனாலதான் பாதி மீன உன் கையில குடுத்தேன்."