கதவுக்கடியில் ஒரு கவர்

கைப்பேசித் திரையில் வடிவு குனிந்தாள். கதவுக்கடியில் கிடந்த பழுப்புக் கவரை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள், கண்ணில் ஒற்றிக்கொண்டாள், இடுப்பில் செருகிக்கொண்டாள்.

ப்ரணவ் அந்தப் பதிவை மூன்று முறை ஓட்டிப் பார்த்தான். நோயில் கிடந்த மனைவி மாதங்கியை அலுவலகத்திலிருந்தே கவனிக்கக் கூடத்தில் வைத்த கேமராவில் பதிவானது. அவள் போய் நான்கு மாதமாகியும் கழற்ற மனம் வரவில்லை.

வக்கீல் நண்பன் அர்விந்திடம் போனில் கேட்டான். "வீட்டுக்குள்ள திருடினா ஏழு வருஷம் வரைக்கும் உள்ள போடலாம்டா. கவரா இருந்தா என்ன, கம்மலா இருந்தா என்ன?"

புகாரை எழுதிவிட்டான். அனுப்பத்தான் கை வரவில்லை. வீட்டு வேலைக்கு வரும் வடிவிடம் சாவியைக் கொடுத்ததே மாதங்கிதான். டெல்லித் தமிழர்களின் குடிசைப்பகுதியான மதராசி கேம்ப் இடிபட்ட பிறகு தங்கை வீட்டில் ஒண்டிக்கொண்டு, மூன்று பஸ் மாறி வருகிறவள். இந்த வேலையும் போய் வழக்கும் வந்தால்?

ஆனாலும் ஆறவில்லை. மாதங்கியின் பெயரைப் பார்க்கத் திராணியில்லாமல், வருகிற தபாலையெல்லாம் விலாசம்கூடப் படிக்காமல் அவன் கிழித்துப் போட்டுக்கொண்டிருந்தான். தன்னால் பார்க்க முடியாததை இன்னொருத்தி எடுத்துப் போவதா?

மறுநாள் காலை அவள் வந்ததும் போனை நீட்டினான். வடிவு பதறவில்லை. பிரிக்காத கவரை எடுத்து அவன் கையில் கொடுத்தாள்.

"எம் பேரு மட்டும் எழுத்துக் கூட்டிப் படிப்பேன் சார். கேம்ப இடிச்சப்ப விலாசம் கேட்டாங்க. எனக்கேது? நம்ம வீட்டுதையே குடுன்னு அம்மாதான் சொன்னாங்க. இடிச்சதுக்குப் பதிலா ஊருக்கு வெளிய நரேலால வீடு தராங்க இல்ல, அதுவாத்தான் இருக்கும். ஒரு ராத்திரி சாமி படத்துக்கிட்ட வச்சுட்டு, உங்களப் படிக்கச் சொல்லலாம்னு எடுத்துட்டுப் போனேன்."

கவரின் மேல் வடிவின் பெயர். அதன் கீழே மாதங்கியின் பெயரும் வீட்டு எண்ணும்.

உள்ளே இந்தியில் நாலே வரி. வீடு ஒதுக்கி அனுப்பிய கடிதத்துக்கும், பிறகு அனுப்பிய நினைவூட்டலுக்கும் பதில் இல்லை. ஆகவே ஒதுக்கீடு ரத்து. அவன் தமிழில் சொல்லி முடித்தான்.

வடிவு தரையில் உட்கார்ந்தாள். அவனிடமே கேட்டாள்:

"மொத ரெண்டையும் யாரு சார் எடுத்திருப்பாங்க?"