கரும்புள்ளி

"ஒரு புள்ளிகூட விடல சார்" என்று காசிநாதன் படத்தை நீட்டினார். அரியலூரில் கல்யாணத்துக்கு நிற்கும் பெண்களுக்கெல்லாம் அவர் ஸ்டுடியோதான். நெகட்டிவில் பென்சிலால் தீட்டியே பரு, தழும்பு எல்லாவற்றையும் மறைத்துவிடுவார்.

படத்தைப் பார்த்த இளையபெருமாளுக்கு முகம் வெளுத்தது. "யாருய்யா உங்கள இதைச் செய்யச் சொன்னது? நாளைக்குத் திருச்சியிலேர்ந்து பார்க்க வராங்க!"

"அதுக்காகத்தான் சார். அத்தனை கரும்புள்ளியோட பார்த்தா யாருக்குப் பிடிக்கும்?"

"அந்தப் புள்ளியப் பார்க்கத்தான் வராங்க!"



கல்லூரியில் நிலவியல் நடத்தும் இளையபெருமாள், பையிலிருந்து ஒரு கண்ணாடித் துண்டை எடுத்து மேசையில் வைத்தார். அதில் காகிதத்தைவிட மெல்லிசாகத் தேய்த்த சுண்ணாம்புக்கல். நாளைய கண்காட்சிக்காக இருவரும் சேர்ந்து மைக்ராஸ்கோப்பில் கேமராவைப் பொருத்திப் படம் பிடித்தது அதைத்தான்.

"இந்த ஊரு கடலா கிடந்தப்ப வாழ்ந்த உயிருங்க அந்தப் புள்ளியெல்லாம். ஏழு கோடி வருசம் கல்லுக்குள்ள தாக்குப்பிடிச்சுது. உங்க பென்சிலுக்குத் தப்பலியே!"

காசிநாதன் பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து, நெகட்டிவை மெல்லத் துடைத்தார். பென்சில் கறை பஞ்சோடு வந்தது.

"பதினெட்டு வருசமா முகப்பருவ மறைச்ச கை சார். இன்னிக்குத்தான் முதல் தடவையா புள்ளிக்கு உயிர் கொடுக்குது."