தூங்கும் தலையணை

வேலை நேரமெல்லாம் அறிக்கை கொடுத்தே பொறியாளர்கள் களைத்துப்போகிறார்களே என்று உருகிய நிர்வாகம், தூக்கத்திலேயே அறிக்கை வாங்கிக்கொள்ளும் தலையணையை வீடுதோறும் அனுப்பிவைத்தது. தூங்குகிறவனுக்குப் பொய் சொல்ல வராது என்பது கூடுதல் வசதி.

ஞாயிறு மதியம் கோதையின் கணவன் நெடுமாறன் கண்ணயர்ந்ததும், தலையணை மேலாளரின் குரலில் கேட்டது.

"பாலத்து வரைபடம் என்னாச்சு?"

"பாதி முடிஞ்சுது சார்."

"சரி, அடுத்தது."

விழித்திருக்கும்போது கோதை எதைக் கேட்டாலும் "அப்புறம் பேசலாம்" என்பான். தலையணை ஓய்ந்ததும் அவள் குனிந்து, மேலாளரைப் போலவே குரலைக் கனமாக்கிக்கொண்டு கேட்டாள்.

"வீட்ல கோதைன்னு ஒருத்தி இருக்காளே, அது என்ன நிலைமை?"

"அதை யாரும் கவனிச்சே ரொம்ப நாளாச்சு சார். மூடிடலாம்."

தலையணை உறையின் சுருக்கத்தை அவள் மெல்ல நீவிவிட்டாள்.

"சரி, அடுத்தது," என்றாள்.