துண்டுக்கடியில் ரம்

மாட்டுத் தரகர் சென்னியப்பன் எந்த மலிவு ரம்மையும் ஒரு வாய் குடித்தே தராதரம் சொல்லிவிடுவார். சந்தையே அந்த நாக்கை நம்பித்தான் பாட்டில் வாங்கும். அன்று கூட்டாளி நாச்சிமுத்து இரண்டு டம்ளரில் ஊற்றி வைத்தான். மாட்டுக்கு விலை பேசுவதுபோலத் துண்டுக்கடியில் அவன் கையைப் பிடித்து, இடது டம்ளருக்கு நாலு விரலும் வலதுக்கு ஒரே விரலும் கொடுத்தார் சென்னியப்பன்.

"ரெண்டும் ஒரே பாட்டிலுங்ணா. இதுக்கு நாலாம், அதுக்கு ஒண்ணாம். மாட்டுக்குப் பல்லு பாக்கறதும் இப்படித்தானுங்களா?" என்று சத்தமாகக் கேட்டான் நாச்சிமுத்து.

சுற்றி நின்ற சந்தைக் கூட்டம் சிரித்தது. அவர் மறுபடி குடித்தார். இடதில் இன்னமும் கருப்பட்டி மணந்தது. வலதில் கருகின கட்டை. ஒன்றும் விளங்கவில்லை.

"நீயே குடிச்சுப் பாரப்பா."

நாச்சிமுத்து இடதில் ஒரு வாய் குடித்துச் சப்புக்கொட்டினான், வலதில் ஒரு வாய் குடித்து முகம் சுளித்தான். பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தான்.

"சித்த நேரம் சிரிக்காம இருங்கடா" என்று இடது டம்ளரை மறுபடி எடுத்தான்.