மடித்துச் செருகிய அட்டை

செய்முறைத் தேர்வில் மற்ற எல்லோரையும் முந்திக்கொண்டு வேலையை முடித்த செல்வலட்சுமிக்குப் பூஜ்யம் போட்டார் பயிற்றுநர் சத்யப்பிரியா.

ஒரகடத்தில் இருந்த அந்தத் தொழிற்பயிற்சி நிலையத்தில் அதுதான் கடைசித் தேர்வு. மேற்பார்வைக்கென்று வெளியிலிருந்து வந்திருந்த தேர்வாளர், கையெழுத்திட்டுவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார்.

“இன்னா திருநெல்வேலி, ஃபர்ஸ்ட்டு வந்து ஃபெயில் ஆயிகினே?” என்று பின்னாலிருந்து மெல்லக் கேட்டான் மோகன். அவன் பிள்ளைப்பாக்கத்துப் பையன். தினமும் அவளைச் சீண்டுவான், அவளும் விடமாட்டாள். இன்று அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

முதல்வர் கண்ணப்பனுக்கு முகம் மாறியது. “இன்னாம்மா இது? நாளான்னிக்கு கம்பெனிலேர்ந்து ஆள் எடுக்க வராங்க. இந்தப் பொண்ணத்தான் முதல்ல நிறுத்தலாம்னு இருந்தேன்.”

“இதைப் பாருங்க சார்.”

தகட்டை அழுத்தி வடிவாக்கும் அந்தப் பழைய ப்ரெஸ் மெஷினில் பக்கத்துக்கு ஒரு பொத்தான். இரண்டையும் இரு கைகளால் ஒருசேர அழுத்தினால்தான் மேலிருந்து அச்சு இறங்கும். கை எதுவும் அச்சுக்கு அடியில் அகப்பட்டுவிடக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. இப்போது இடப்பக்கப் பொத்தானின் இடுக்கில் ஓர் அட்டைத்துண்டு மடித்துச் செருகப்பட்டிருந்தது. பொத்தான் அழுந்தியபடியே நின்றது. ஒரு கையால் தகட்டை வைத்து, மறு கையால் அழுத்தித்தான் செல்வலட்சுமி அத்தனை வேகம் காட்டியிருந்தாள்.

அந்த ஆண்டுப் பாடத்திட்டத்தை மாற்றி எழுதியவர் சத்யப்பிரியா. என்னென்ன நடத்தி முடித்தோம் என்று பார்ப்பதை விட்டுவிட்டு, பயிற்சி முடித்துப் போகும் பிள்ளையால் என்ன செய்ய முடியும் என்று பார்க்க வேண்டும் என வாதாடி, கற்றல் விளைவுகளை முதலில் வரையறுத்து, தேர்வையும் பாடத்தையும் அதன்பிறகே அமைத்தார். முதல் விளைவு இதுதான்: பயிற்சி பெற்றவர், இரு கைகளும் பொத்தான்களின் மேல் இருந்தாலன்றி இயந்திரத்தை இயக்கமாட்டார். ஒவ்வொரு வகுப்பும் அந்த வரியில்தான் தொடங்கும். அதில் தவறியவருக்கு வேறெதற்கும் மதிப்பெண் கிடையாது.

“யார் சொல்லிக் குடுத்தா உனக்கு?” என்றார் முதல்வர்.

“யாரும் இல்ல சார்.”

“சுங்குவார்சத்திரம் டீக்கடையில ஷிப்ட் முடிஞ்சு நிக்கிறானுங்களே, அவனுங்களா? இல்ல ஹாஸ்டல்ல எவளாச்சுமா? பேரைச் சொல்லு. நாளைக்கே மறுதேர்வு வெக்கிறேன். சொல்லலன்னா அடுத்த பேட்ச்தான்.”

அடுத்த பேட்ச் என்று ஒன்று அவளுக்கு இல்லை. ஒருமுறைதான் அனுப்புவோம், வேலை அமையாவிட்டால் ஊருக்கு வந்துவிட வேண்டும் என்று சொல்லித்தான் வீட்டில் பஸ் ஏற்றிவிட்டிருந்தார்கள். அங்கிருந்த அனைவருக்கும் அது தெரியும்.

“நானாத்தான் செஞ்சேன் சார்.”

சத்யப்பிரியாவுக்குப் பொறுக்கவில்லை. “குறுக்கு வழி காட்டுனவங்களைக் காப்பாத்துறது நன்றின்னு நினைக்கிறியா? நாளைக்கு இதே மெஷின்ல வந்து நிக்கப்போற இன்னொரு பொண்ணுக்கு நீ பண்ற துரோகம் அது.”

முதல்வர் தம் அறைக்குப் போனார். மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள்.

செல்வலட்சுமி மட்டும் மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்தாள். சத்யப்பிரியா அருகில் வந்தார்.

“இப்ப யாரும் இல்ல. சொல்லு, யாரு அது?”

“சொன்னா அவுகளுக்கு வேல போயிரும் மிஸ்.”

“போகட்டும். அப்படிப்பட்ட ஆளுக்கு வேலை ஒரு கேடா?”

செல்வலட்சுமி நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை.

“கம்பெனி ஆளுக நம்ம மெஷின பாக்க வந்தாங்கல்லா? அன்னைக்கு நீங்கதான ஓட்டிக் காமிச்சிய. நம்ம பெரிய சாரு பக்கத்துல நின்னு சீக்கிரம், சீக்கிரம்னாரு. நீங்க ஒரு அட்டய மடிச்சு இந்தப் பொத்தான்ல செருகுனிய. நான் தகடு எடுத்துக் குடுத்துட்டு இங்கனதான் நின்னேன்.”

சத்யப்பிரியாவுக்கு அந்த நாள் நினைவுக்கு வரச் சற்று நேரம் பிடித்தது. வந்தபோது, உட்கார ஒரு ஸ்டூலைத் தேடினார்.

“தப்புன்னு உனக்குத் தெரியுமே. தினமும் சொன்னேனே.”

“தெரியும் மிஸ். தெனமும் ரெண்டு கையாலதான செஞ்சேன்? இன்னைக்கு வெளியாளு வந்து நின்னாரு. வெளியாளு பாக்கையில இப்படித்தான் செய்யணும்போலன்னு நெனச்சுட்டேன்.”

வாய் ஓராண்டு நடத்திய பாடத்தைக் கை ஒரு நிமிடத்தில் அழித்து எழுதியிருந்தது.

“அதை அங்கேயே சொல்லியிருக்கலாமே.”

“எப்படிச் சொல்ல? அந்த ஒரு நாளத் தவிர மத்த எல்லா நாளும் ஒழுங்காத்தான சொல்லித் தந்திய.”

சத்யப்பிரியா எழுந்தார். முதல்வர் தம் அறையில் கிளம்பத் தயாராகிக்கொண்டிருந்தார்.

“சொன்னாளா?”

“சொன்னா சார். நாளைக்கு அவளுக்கு மறுதேர்வு வெச்சிருங்க.”

“வெச்சிடலாம். யாரு அந்த ஆளு? பேரு இன்னா?”

“சத்யப்பிரியா” என்றார் சத்யப்பிரியா.