மணல்மூட்டைகள்

அடிப்பாகம் வி வடிவில் ஆழ்ந்திறங்கும் அந்தப் பழைய படகுக்கு இரட்டை என்ஜின் பொருத்தியவன் பெலவேந்திரன். ஆளேற்றும் படகென்றால் ஆளுக்கொரு மணல்மூட்டை வைத்துத்தான் வேகம் பார்ப்பான். படகுக்காரர் பதினொரு மூட்டைகள் கொண்டுவந்திருந்தார். இரண்டு மட்டும் சின்னவை, பிள்ளைகள் கணக்குக்கு.

நடுக்கடலில் முழு விசை கொடுத்தும் வேகமுள் இருபத்தாறைத் தாண்டவில்லை.

"ரோந்துப் படகு துரத்துனா இது பத்துமாடே?" என்றார் கூட வந்திருந்த படகுக்காரர்.

"பாரம் குறைஞ்சா நாப்பது தொடும் அண்ணாச்சி," என்றான், தன் கைவேலையை விட்டுக்கொடுக்காமல்.

அவர் ஒரு மூட்டையைக் கடலில் தள்ளிவிட்டு முள்ளைப் பார்த்தார். அடுத்ததைத் தள்ளினார். பெரியவை ஒன்பதும் போனபின் முள் முப்பத்தெட்டில் நின்றது.

பெலவேந்திரன் என்ஜினை அணைத்தான்.

"ஏம்டே நிறுத்திட்ட?" என்றார் அவர், சின்ன மூட்டையை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு.