வழியில் முறிந்தவர்களுக்கு மட்டும்

"மறுபடியும் முறிஞ்சிடுச்சா?"

"முறிஞ்சிடுச்சு தலைவரே," என்றார் அபூ துர்க்கி. துளி வெட்கமில்லாமல் சட்டைக் கையை மடித்துக்கொண்டு குழாயடியில் உட்கார்ந்தார்.

பள்ளிவாசல் கமிட்டித் தலைவர் அபூ ரக்கானுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தொழுகைக்கு முன்னால் கை, முகம், கால் கழுவிச் செய்கிற ஒளு, ஒருமுறை செய்தால் முறிகிறவரை தாங்கும். காற்றுப் பிரிந்தால் முறியும். ஊரில் எல்லோருக்கும்தான் பிரிகிறது. பேருந்து ஓட்டி ஓய்வுபெற்ற இந்த ஒரு மனுஷனுக்கு மட்டும் விடிந்ததிலிருந்து பிரிந்துகொண்டே இருந்தால் எப்படி?

அதுவும் இந்த நேரம் பார்த்து. சுற்றுச்சூழலை நன்றாகப் பேணுகிற பள்ளிக்கூடமோ, கடையோ, பள்ளிவாசலோ, வட்டாரத்தில் ஒன்றுக்குப் பசுமைப் பரிசு என்று அறிவித்திருந்தார்கள். ஜெயித்தால் மாடி நிறையச் சூரியத் தகடு. மின்கட்டணத்துக்குப் பயந்து பாதி நேரம் விசிறியை நிறுத்திவிட்டு, விரிப்பு நனைய வியர்த்துத் தொழுகிற ஜமாஅத்துக்கு அது எவ்வளவு பெரிய விஷயம்.

தண்ணீர் வாரத்துக்கு ஒருநாள்தான் வரும் அந்த ஜோர்டான் மலையூரில், மீட்டரைக் குறைத்துக் காட்டினால் பரிசு நமக்குத்தான் என்று அபூ ரக்கான் தீர்மானித்தார். சுவரில் ஓர் அறிவிப்பை ஒட்டினார்: 'வீட்டிலேயே ஒளு செய்துகொண்டு வரவும். வழியில் முறிந்தவர்கள் மட்டும் இங்கே செய்யலாம்.'

ஊரே அப்படியே செய்தது. வீட்டு மீட்டர்கள் ஏறின, பள்ளிவாசல் மீட்டர் இறங்கியது. தலைவருக்கு ஏக சந்தோஷம். அப்புறம்தான் அபூ துர்க்கிக்கு வழியில் முறிய ஆரம்பித்தது.

உண்மையா என்று சோதித்துப் பார்க்கவா முடியும்? இமாமிடம் முறையிட்டதற்கு, அது அவருக்கும் அல்லாஹ்வுக்கும் நடுவில் உள்ள சமாசாரம் என்று சிரிப்பை விழுங்கிக்கொண்டு சொல்லிவிட்டார்.

அபூ ரக்கான் விடவில்லை. ஒருநாள் காலை பின்னாலேயே போய்ப் பார்த்தார். மனிதர் கடையில் உட்கார்ந்து, ஃபூல் என்கிற மொச்சை மசியலை ரெண்டு தட்டு வைத்து ரொட்டியால் வழித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு கிண்ணம் கொண்டைக்கடலை வேறு.

"மொச்சையே உங்களுக்கு ஆகாதுன்னு டாக்டர் சொன்னாரே ஹாஜி?"

"சொன்னாரு. அவருக்கென்ன, சொல்லிட்டுப் போயிட்டாரு," என்று வயிற்றைப் பிடித்தபடி அடுத்த ரொட்டியைக் கிழித்தார் அபூ துர்க்கி.

அம்மானிலிருந்து நடுவர் வந்த அன்று, அபூ ரக்கான் பெருமையாக மீட்டரைக் காட்டிக்கொண்டிருக்கும்போது, அபூ துர்க்கி உள்ளே வந்தார். "முறிஞ்சிடுச்சு," என்று நடுவருக்குத் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்கிற மாதிரி சொல்லிவிட்டுக் குழாயைத் திறந்தார். மீட்டர் முள் ஜாலியாகச் சுற்றியது.

பரிசு சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டது. தோட்டத்துக்காக.

அங்கே நடந்த பரிசு விழாவுக்கு வந்த அபூ ரக்கான், ஒரு மனுஷனின் வயிற்றால் ஒரு ஜமாஅத்தே வேர்த்துச் சாகப்போகிறது என்று பக்கத்தில் நின்றவர்களிடமெல்லாம் புலம்பினார். தலைமையாசிரியை ருதைனா எல்லோரையும் தோட்டத்துக்கு அழைத்துப்போனார். மாதுளை, எலுமிச்சை, ஒவ்வொரு கன்றிலும் அதை நட்ட பிள்ளையின் பெயர். இந்த வறட்சியில் தண்ணீர் ஏது என்று கேட்டார் நடுவர்.

ருதைனா, சுவரைத் துளைத்து வந்த குழாயைக் காட்டினார். "பள்ளிவாசல்ல ஒளு செஞ்சு வழியற தண்ணி. அங்க வடிகால் உடைஞ்சப்ப அபூ துர்க்கி ஹாஜிதான் இந்தப் பக்கம் திருப்பிவிட்டாரு. நடுவுல திடீர்னு நின்னுபோச்சு, கன்னெல்லாம் வாடிடுச்சு. பிள்ளைங்க ஒரே அழுகை. அங்கருந்து ஒரு வாளி மொண்டு ஊத்துங்க ஹாஜின்னேன். மாட்டேன்னுட்டாரு. ஆனா ரெண்டு நாள்ல குழாய்ல மறுபடியும் தண்ணி வர ஆரம்பிச்சிடுச்சு."

அபூ ரக்கான், கூட்டத்தில் நின்ற அபூ துர்க்கி பக்கம் திரும்பினார். "ஒரு வாளிதானே ஹாஜி. ஊத்தியிருந்தா என்ன?"

"அது ஒளுவுக்கு மட்டும்னு அல்லாஹ் பேருல வக்ஃப் எழுதி வச்ச தண்ணி தலைவரே. செடிக்கு ஊத்த நான் யாரு? ஒளு செஞ்சு வழிஞ்சது போனா தப்பில்ல."

"அப்ப சும்மாவே நாலு தடவை செஞ்சிருக்கலாமே. இந்தக் கண்றாவி எதுக்கு?"

"வழியில முறிஞ்சவங்க மட்டும்னு நீங்கதான எழுதி ஒட்டியிருக்கீங்க." அபூ துர்க்கி வயிற்றைத் தடவிக்கொண்டார். "பள்ளிவாசல்ல போய் பொய் சொல்ல மனசு வரல. அதான் மொச்சை."

அபூ ரக்கானுக்கு முகம் தொங்கிப்போனது. அன்று மாலையே அறிவிப்பைக் கிழித்துப்போட்டார். ஆனாலும் அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. எல்லோரும் வீட்டில் குளித்து, ஒளுவும் முடித்து, மணக்க மணக்கத்தான் வருவார்கள். அதை யாராலும் மாற்ற முடியாது. குழாயடி காய்ந்து கிடக்கும்.

மறுநாள் பாங்குக்கு வெகு முன்னாலேயே பள்ளிவாசல் வாசலில் ஓர் அண்டாவில் ஆவி பறந்தது. அபூ ரக்கான் கரண்டியோடு நின்று, வருகிறவர்களை எல்லாம் மடக்கி ஆளுக்கு ஒரு தட்டு ஃபூல் கொடுத்துக்கொண்டிருந்தார். வாய் நாறும் என்று வெங்காயம் மட்டும் வைக்கவில்லை. பள்ளிவாசலுக்கென்று ஒரு மரியாதை இருக்கிறதல்லவா.

வரிசையில் அபூ துர்க்கியும் தட்டை நீட்டினார். தலைவர் கரண்டியைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"உங்க வயித்துக்கு இன்னியிலருந்து லீவு ஹாஜி. இனிமே ஜமாஅத் பாத்துக்கும்."